எட்டு கேரம் சட்டங்களும் விறகுத் தொட்டி மரமும்: வடசென்னையில் ஒரு மலிவு மரத் தேடல்

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல் மழையில் கொருக்குப்பேட்டையின் ஒரு தெருவில் இருக்கும் கேரம் மன்றத்துக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியது. வடிய மூன்று நாள் ஆனது. உள்ளே இருந்த பதினொரு போர்டுகளும் ஊறிவிட்டன. நான் போய்ப் பார்த்த அன்று எல்லாவற்றையும் தெருவில் வெயிலுக்குச் சாய்த்து வைத்திருந்தார்கள். பிளைவுட் ஒன்றுகூடத் தேறவில்லை. அடுக்கு அடுக்காகப் பிரிந்து உப்பியிருந்தது.

சட்டங்கள்தான் என்னை நிற்க வைத்தன. மிகப் பழைய மூன்று போர்டுகளின் சட்டம் அசல் ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட். துடைத்ததும் பழையபடி நின்றது. மற்ற எட்டும் பின்னாளில் ரோஸ்வுட் என்று சொல்லி விற்கப்பட்டவை. அவற்றிலிருந்து கறுப்புச் சாயம் கரைந்து, சாய்த்து வைத்திருந்த சுவரில் கோடுகோடாக இறங்கியிருந்தது. சாயம் போன இடத்தில் வெள்ளை வெளேரென்று ஏதோ ஒரு மெல்லிய மரம். நகத்தை வைத்து அழுத்தினேன், பள்ளம் விழுந்தது. மூலைகள் நான்கும் பிளந்து நின்றன.

மன்றத்தின் செயலாளர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தம்பி, பிளைவுட்ட நாங்க பாத்துக்கறோம். சட்டத்த மட்டும் நல்லதா போட்டுக் குடு. இன்னொரு வாட்டி ஏமாற முடியாது" என்றார். தெருவில் வீடு வீடாகத் திரட்டிய பணம் கையில் இருந்தது. எட்டு போர்டுக்கு ஈட்டிச் சட்டம் போட அது கால்வாசிகூட வராது.

எனக்குத் தண்டையார்பேட்டையில் சின்னப் பட்டறை. பெரிய ஆசாரி ஒருவர், இரண்டு பையன்கள், நான். கதவு, கட்டில், பூஜை அலமாரி என்று வீட்டு வேலைகள்தான் வரும். கேரம் சட்டம் அதுவரை செய்ததில்லை. செய்து முடிக்க ஒன்றேகால் வருடம் ஆனது. வழியில் இரண்டு தவறுகள் செய்தோம். தேக்கையும் ஈட்டியையும் விட்டால் வேறு மரமே இல்லை என்று நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

வேலை கேட்டது என்ன

மரவாடிக்குப் போகும் முன் ஆசாரி ஒரு காரியம் செய்யச் சொன்னார். இந்தச் சட்டம் என்னென்ன தாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார். நாற்பது வருடமாக உளி பிடித்தவர் அவர். "மரத்தோட பேர கேட்டுட்டுப் போனா கடைக்காரர் சொல்றதுதான் மரம்" என்றார்.

கேரம் விதிப்படி ஆடும் பரப்பு 73.5 முதல் 74 சென்டிமீட்டர் சதுரம். சட்டத்தின் அகலம் 6.35-க்குக் குறையாமலும் 7.60-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். பரப்புக்கு மேலே 1.90 முதல் 2.54 சென்டிமீட்டர் உயரம். ஈட்டியோ வேறு கடின மரமோ போடலாம் என்றுதான் விதி சொல்கிறது, ஈட்டியே வேண்டும் என்று இல்லை. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடித்தால் இரண்டு சட்டங்களுக்கும் இடையே மூன்றரை தடவையாவது அது போய்வர வேண்டும்.

ஆகவே முதல் தேவை, அடியை விழுங்காத கனம். மென்மையான மரம் ஸ்ட்ரைக்கரின் வேகத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். மன்றத்துப் பையன்கள் இதை அழகாகச் சொல்வார்கள்: "சட்டம் அடி வாங்குது, திருப்பித் தரல." இரண்டாவது, மூலை திறக்கக் கூடாது, பாக்கெட் அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது, கடற்காற்றும் ஈரமும் தாங்க வேண்டும்.

எழுதியதில் இன்னொன்றும் தெரிய வந்தது, அதுதான் கடைசியில் எங்களைக் காப்பாற்றியது. உள்ளளவு 74, இரண்டு பக்கமும் ஏழேழு சென்டிமீட்டர் சட்டம். மொத்தம் 88 சென்டிமீட்டர், அதாவது மூன்றடிக்கும் குறைவு. கதவு நிலைக்கு ஏழடி நேரான மரம் வேண்டும். கட்டில் பட்டைக்கு ஆறரை அடி. மரத்தின் விலை நீளத்தோடும் நேர்த்தியோடும் சேர்ந்துதான் ஏறுகிறது. எங்களுக்கோ மூன்றேகால் அடித் துண்டு போதும். ஒரு துண்டு அறுவை அளவில் மூன்றேகால் அங்குல அகலம், இரண்டேகால் அங்குலக் கனம், மூன்றேகால் அடி நீளம். பெருக்கி 144-ஆல் வகுத்தால் 0.165 கன அடி. முப்பத்திரண்டு துண்டுக்கு 5.3 கன அடிதான்.

தேடிய மரங்கள்

ஈட்டியை முதலிலேயே விட்டுவிட்டோம். விலை ஒரு காரணம். இன்னொன்று, அந்த மரம் இருக்கும் நிலைமை. ஈட்டியைக் காக்க 1994-இல் தமிழ்நாடு அரசு தனிச்சட்டமே கொண்டுவந்தது. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்பதை வெட்டவும் அனுமதி வேண்டும் என்றது. 2017 ஜனவரியிலிருந்து ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா இனம் முழுவதும் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அனுமதித் தாள் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் ஈட்டி ஒன்று திருட்டு மரமாக இருக்கும், இல்லையென்றால் சாயம் பூசியதாக இருக்கும். இரண்டாவது வகையைத்தான் மன்றத்தின் சுவரில் பார்த்தோம்.

தேக்கு வேண்டாம் என்று நான் சொன்னபோது செயலாளர் நம்பவில்லை. தேக்கின் பெருமை வேறு இடத்தில். அது வளையாது, திருகாது, கரையான் தொடாது, இழைப்புளிக்கு வெண்ணெய் மாதிரி இணங்கும். ஆனால் அது நடுத்தரக் கனமுள்ள மரம்தான். கன மீட்டருக்கு 650 கிலோ சுமார். ஈட்டி 830-ஐத் தாண்டும். கதவுக்குச் செலவழிக்கும் காசை ஸ்ட்ரைக்கர் அடி வாங்கும் சட்டத்துக்குச் செலவழிப்பது வீண்.

வேங்கையில் எனக்கு ஆசை இருந்தது. சைடன்ஹாம்ஸ் சாலைக் கடைகளில் கேட்டோம், செங்குன்றம் பக்கத்து மரவாடிகளிலும் கேட்டோம். கனம் போதும், வைரம் (உள்ளே இருக்கும் முற்றிய மரம்) நன்றாக இருக்கிறது, விலை தேக்கைவிடக் குறைவுதான். ஆனால் வேங்கை சாயம் கக்கும். ஈரம் பட்டால் மஞ்சளாகவும் பழுப்பாகவும் இறங்கும், இரும்பு ஆணி பட்ட இடம் கறுத்துப்போகும். வெள்ளை பிளைவுட்டின் மேல் அது உட்கார்ந்தால் ஒரு மழைக்காலத்தில் ஓரமெல்லாம் கறை படியும். வேங்கை வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு சொல்லிவிடுகிறேன். சிவப்பாக இருக்கும் எல்லாவற்றையும் வேங்கை என்று விற்கிறார்கள். கைப்பிடி சீவலைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் தேன் நிறமாகி, ஓரத்தில் நீலம் மின்னும். மின்னவே இல்லை என்றால் கேள்வி கேளுங்கள்.

தூங்குமூஞ்சியும் வாகையும் சென்னைத் தெரு மரங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்தவற்றில் தூங்குமூஞ்சி ஏராளம். அப்போது மலிவாக வாங்கிப் பலகையாக அறுத்துவைத்தது இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. அகலமான பலகை வேண்டுமென்றால் தூங்குமூஞ்சியை யோசிக்காமல் வாங்கலாம். சுருக்கம் மிகக் குறைவு, மேசைப் பலகைக்கு அருமை, கரும்பழுப்பு வைரத்தில் பாலிஷ் ஏறினால் கண்ணைப் பறிக்கும். ஆனால் தேக்கைவிட இலேசு, சட்டத்துக்கு ஆகாது. வாகை அதைவிடச் சற்று உறுதி. அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது; முகமூடி இல்லாமல் அறுக்காதீர்கள். கனம் தேக்கை ஒட்டித்தான் வந்தது.

பூவரசு நெய்தல் நிலத்து மரம். "பூவரசு இருக்கப் பொன்னுக்கு அழுவானேன்" என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் கடைகளில் ஒரே சீராக முப்பத்திரண்டு துண்டு திரட்ட முடியவில்லை. மாமரம் பூச்சிக்கு விருந்து. தைல மரம் காய்வதற்குள் பிளந்துவிடும். புளி நல்ல கனம். இறைச்சிக் கடைக் கட்டை அதில்தானே செய்கிறார்கள். ஆனால் இழை பின்னிப் பின்னி ஓடுவதால் இழைத்தால் பிய்த்துக்கொண்டு வரும்.

அப்புறம் கருவேலம். மன்றத்தில் ஆடும் ஒரு பையன் கைப்பேசியில் வடநாட்டு போர்டு விளம்பரம் ஒன்றைக் காட்டினான். 'கீக்கர் மரச் சட்டம்' என்று போட்டிருந்தது. கீக்கர் நம் கருவேலம்தான். ஏரி உள்வாய்களில் வரிசையாக நிற்கும், மஞ்சள் பூப் பூக்கும், மணி கோத்த மாதிரி காய் தொங்கும் அதே மரம். ஆசாரி சிரித்துவிட்டார். "எங்க தாத்தா இதுலதான் வண்டிச் சக்கரம் செஞ்சாரு தம்பி. கல்லுலயும் மேட்லயும் இடிபட்டு ஓடுன சக்கரம். உங்க ஸ்ட்ரைக்கர தாங்காதா?"

எடை போட்டதும் உருட்டிப் பார்த்ததும்

நம்பிக்கை மட்டும் போதாது என்பதால் சோதித்தோம். பட்டறையில் கிடந்த காய்ந்த துண்டுகளை மூன்றங்குலம், இரண்டங்குலம், ஓரடி என்று ஒரே அளவுக்கு அறுத்தோம். ஈட்டி, ஒரு பழைய கட்டில் காலிலிருந்து. கருவேலம், பொன்னேரிப் பக்கம் ஆசாரியின் ஊரிலிருந்து வந்த உடைந்த சக்கரத்தின் வட்டையிலிருந்து. மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். தூங்குமூஞ்சி 640 கிராம், வாகை 750, தேக்கு 770, வேம்பு 835, வேங்கை 920, கருவேலம் 985, ஈட்டி 1,010, புளி 1,060. ஒரே அளவுத் துண்டுகள் என்பதால் எடையே கனத்தைச் சொல்லிவிடும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். மரவாடிக்குப் போகும்போது அளவு தெரிந்த தேக்குத் துண்டு ஒன்றைப் பையில் கொண்டுபோனால் போதும், கையில் தூக்கியே ஒப்பிடலாம்.

அடுத்து, ஒரு பழைய போர்டின் ஒரு பக்கச் சட்டத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒவ்வொரு துண்டாக கிளாம்ப் போட்டு இறுக்கினோம். கையால் அடித்தால் வேகம் மாறும். அதனால் ஒரு வழுவழுப்பான லேமினேட் தகட்டைச் சாய்த்து வைத்து, ஒரே உயரத்திலிருந்து ஸ்ட்ரைக்கரை வழுக்கவிட்டோம். துண்டில் பட்டு எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று சாக்பீஸால் கோடு. ஒவ்வொன்றுக்கும் பத்து தடவை. ஈட்டிக்கும் கருவேலத்துக்கும் இரண்டு விரற்கடை வித்தியாசம்கூட இல்லை. தேக்கு ஒரு சாண் பின்தங்கியது. தூங்குமூஞ்சியில் பட்ட ஸ்ட்ரைக்கர் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. சுற்றி நின்ற பையன்களுக்கு கோடு தேவைப்படவில்லை, 'டக்'கென்ற சத்தத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

விறகுத் தொட்டி

கருவேலம் மரவாடியில் கிடைக்காது. அதை அங்கே யாரும் மரமாகவே கணக்கில் எடுப்பதில்லை. விறகுத் தொட்டிக்குத்தான், அதாவது விறகு விற்கும் கடைக்குத்தான், போக வேண்டும். கன அடிக் கணக்கு அங்கே இல்லை, எடைதான். டீக்கடைக்கும் கல்யாண மண்டபச் சமையலுக்கும் போகும் குவியலுக்குள் ஏறி, முக்கால் அடிக்கு மேல் விட்டமும் மூன்றரை அடி நேரான நீளமும் உள்ள கட்டைகளைப் பொறுக்க இரண்டு காலைப்பொழுது ஆனது. கணு குறைவாக, பட்டை நேராக ஓடுவதாகப் பார்த்தோம். பட்டை முறுக்கிக்கொண்டு ஓடினால் உள்ளே இழையும் முறுக்கித்தான் இருக்கும். எட்டுக் கட்டை தேறியது. 480 கிலோ.

விறகு விலை என்பதால் கொள்ளை இலாபம் என்று நினைக்க வேண்டாம். மில்லில் அறுத்தபோது நடுக்குருத்தை ஒதுக்கினோம். குருத்து உள்ளே இருந்தால் சட்டம் எப்படியும் வெடிக்கும். வெள்ளையையும், அதாவது பட்டையை ஒட்டிய வெளிறிய இளமரத்தையும், முடிந்தவரை ஒதுக்கினோம். கிடைத்தது முப்பத்தாறு துண்டு, ஆறு கன அடி. கட்டையில் ஐந்தில் இரண்டு பங்குதான் சட்டமானது. மற்றதெல்லாம் மறுபடி விறகு. கடின மரம் என்று மில்லில் அறுப்புக் கூலியும் கூடுதலாகக் கேட்டார்கள், வாள் சீக்கிரம் மழுங்குகிறதாம். இவ்வளவையும் கூட்டிக் கன அடிக்கு வகுத்துப் பார்த்தபோதும் தேக்கு விலையில் பாதியை எட்டவில்லை, ஈட்டியின் விலையில் கால் பங்குக்கும் கீழே. மலிவு மரம் வாங்குபவர் கணக்குப் போட வேண்டிய இடம் இதுதான். வாங்கிய விலையைப் பார்க்காதீர்கள், இழைத்து முடித்துக் கையில் நிற்கும் மரத்தின் விலையைப் பாருங்கள்.

முதல் தவறு: ஈரம்

இது 2024 மார்ச். தொட்டிக்காரர் "வெட்டி ஒரு வருஷம் ஆச்சு, நல்லா காஞ்சது" என்று சொன்னதை நான் நம்பினேன். பட்டையோடு கிடக்கும் கட்டை, வருடக்கணக்கில் கிடந்தாலும் உள்ளே காயாது. இது எனக்குத் தெரியும். ஆனால் மன்றத்துப் பிள்ளைகள் மே விடுமுறை முழுக்கத் தரையில் உட்கார்ந்து சீட்டாடுவதைப் பார்த்து அவசரப்பட்டேன். அறுத்த துண்டுகளை மொட்டைமாடி நிழலில் இடைக்குச்சி வைத்து அடுக்கி மூன்று மாதம் விட்டு, ஜூன் கடைசியில் முதல் நான்கு சட்டங்களைச் செய்து கொடுத்தோம். அடி நன்றாகத் திரும்பியது, எல்லோருக்கும் சந்தோஷம்.

ஜூலை மத்தியில் செயலாளர் கூப்பிட்டார். மூன்று போர்டுகளில் மூலை இணைப்பின் உட்பக்கம் வாய் திறந்திருந்தது. ஒரு பையன் இரண்டு ஏடிஎம் அட்டைகளைச் சேர்த்து அதற்குள் நுழைத்துக் காட்டினான். மரம் காயும்போது நீளத்தில் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். அதனால் 45 டிகிரியில் வெட்டிய முகம் 45 ஆக இருக்காது. வெளிமூலை ஒட்டியபடியே நிற்க, உள்மூலை விரியும். ஸ்ட்ரைக்கர் போய் இடிக்கும் இடத்திலேயே சந்து.

மீதித் துண்டு ஒன்றை ஆசாரி இன்னொன்றோடு தட்டிப் பார்த்தார். "கேளு தம்பி. ணங்னு வரணும். இது தொப்புனு வருது." காதை மட்டும் நம்பாமல் ஒரு சின்ன வில்லையை நடுவிலிருந்து அறுத்து எடை போட்டேன், 412 கிராம். பக்கத்துத் தெரு பேக்கரியில் இரவு ரொட்டி எடுத்து முடித்த அடுப்பில், நூறு டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில், எடை இனி இறங்காது என்னும்வரை வைத்தோம். 338 கிராமில் நின்றது. போன 74 கிராமை 338-ஆல் வகுத்தால் 22 சதவீத ஈரம். சென்னையில் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு 12 முதல் 14 வரை இருக்கலாம். நான் செய்து கொடுத்தது பாதி காய்ந்த மரம்.

இரண்டாவது தவறு: மாவு

ஆகஸ்டில் இன்னொரு புகார். அதே முதல் தொகுதியில் ஒரு போர்டின் ஓரத்தில் தினமும் காலையில் மெல்லிய தூள் கிடந்தது. கேரமுக்குப் பவுடர் தூவுவார்கள் இல்லையா, அதுதான் என்று எல்லோரும் துடைத்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பெருக்க வரும் அம்மாதான் கண்டுபிடித்தார்: "இது ராத்திரியில யாரும் ஆடாதப்பவும் கொட்டுதுப்பா." ஆசாரி விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். பவுடர் வெள்ளையாக, வழுக்கும். இது இளமஞ்சள், மாவு மாதிரி. போர்டைத் திருப்பினோம். இரண்டு துண்டுகளின் அடிப்பக்கத்தில் அரை அங்குலத்துக்கு வெள்ளை விட்டிருந்தேன், கண்ணுக்குத் தெரியாத பக்கம்தானே என்று. அந்த வெள்ளை முழுக்க ஊசி முனை அளவுத் துளைகள்.

இப்படித் துளை போட்டு மரத்தை மாவாக்குவது ஒரு வண்டு. கருவேலத்தின் வைரத்தை அது தொடாது. வெள்ளையில் இருக்கும் மாவுச்சத்துதான் அதற்குச் சாப்பாடு. வாகைக்கும் இதே கதை, ரப்பர் மரத்துக்கு இன்னும் மோசம். அதனால்தான் கடையில் வரும் ரப்பர் மரப் பலகையைப் போரான் மருந்து ஏற்றி விற்கிறார்கள். வீட்டுக்குள் வைக்கும் அலமாரிக்கு அந்த மருந்தேற்றிய பலகை நல்ல மலிவுச் சரக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேரம் பவுடர் என்று பலர் தூவுவது போரிக் பவுடர்தான். பூச்சியைக் கொல்வதும் அதே போரிக் அமிலம். "நாங்கதான் தினம் தூவுறோமே, அப்புறம் எப்படி வந்துச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. மேலே கிடக்கும் உலர்ந்த பொடி மரத்துக்குள் போகாது. தண்ணீரில் கரைந்து, ஈர மரத்தின் வழியாக ஊறித்தான் உள்ளே இறங்கும். அதனால் அறுத்த அன்றே, பச்சையாக இருக்கும்போதே முக்க வேண்டும். ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக் அமிலம். முக்கி எடுத்து, தார்ப்பாயால் இறுக்க மூடி ஒரு வாரம், பிறகுதான் காற்றாட அடுக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். மழையில் நனையும் மரத்துக்கு இது நிற்காது, கழுவிக்கொண்டு போய்விடும்.

மறுபடி செய்தது

மீதித் துண்டுகள் மாடியிலேயே இருந்தன. தலைப்பக்கங்களுக்குப் பழைய பெயிண்ட் இரண்டு கோட் அடித்தோம். ஈரம் முனை வழியாக வேகமாக ஓடினால் அங்கேதான் வெடிப்பு விழும். ஞாயிறுதோறும் மூன்று துண்டுகளின் எடையைச் சுவரில் கரியால் எழுதினோம். அக்டோபர் வரை இறங்கியது. வடகிழக்குப் பருவமழையில் கொஞ்சம் ஏறியது. ஜனவரியில் மறுபடி இறங்கி ஒரே இடத்தில் நின்றது. வில்லைச் சோதனையில் 13 சதவீதம்.

2025 பிப்ரவரியில் வேலையைத் தொடங்கினோம். ஒவ்வொரு துண்டின் தலைப்பக்கத்திலும் வளையக் கோடுகள் நின்றவாக்கில் வரும்படி திருப்பி வைத்து இழைத்தோம். வளையத்துக்குக் குறுக்கே மரம் குறைவாகச் சுருங்கும், அந்தப் பக்கம் அகலமாக அமைந்தால் மூலை தப்பும். இழைப்புளித் தகட்டை அரை மணிக்கு ஒருமுறை தீட்ட வேண்டியிருந்தது. திருகாணிக்கு முதலில் துளை போட்டாக வேண்டும். துளை இல்லாமல் இறக்கினால் கருவேலத்தில் ஆணித் தலைதான் முறியும். ஸ்டெயின்லெஸ் ஆணியே போட்டோம், கடற்காற்றுக்கும் மரக் கறைக்கும் இரும்பு ஆகாது. மூலை முகத்துக்குள் ஒரு காடி வெட்டி மெல்லிய கட்டையைச் செருகி ஒட்டினோம், வெறும் கோந்தை நம்பவில்லை.

வாய் திறந்த பழைய மூன்றையும் பிரித்து, மூலைகளை மறுபடி வெட்டிச் சேர்த்தோம். உள்ளளவு 74-லிருந்து 73.6-க்கு வந்தது. விதி அரை சென்டிமீட்டர் இடம் கொடுத்திருப்பதால் பிழைத்தோம். மாவு கொட்டிய இரண்டு துண்டுகளையும் எடுத்துவிட்டு, உபரி நான்கில் இரண்டைப் போட்டோம். மன்றத்தில் சிலர் பழையபடி கறுப்பாக வேண்டும் என்றார்கள். நான் ஒப்பவில்லை. அரக்கு பாலிஷ் மட்டும், அதுவும் உள்முகத்தில் மிக மெல்லிசாக. செம்பழுப்பாக இருந்த சட்டம் ஆடி ஆடிக் கைபட்டு இப்போது கருஞ்சிவப்பாகிக்கொண்டு வருகிறது.

போர்டு வைக்கும் தாங்கிகளுக்கு வேம்பு போட்டோம். அங்கே அடி திரும்ப வேண்டியதில்லை. கால் தண்ணீரில் நிற்கலாம், பூச்சி வரக் கூடாது, விலை குறைய வேண்டும். வேம்பு மூன்றுக்கும் சரி. இந்த முறை தாங்கிகளை இடுப்பு உயரத்துக்கு மேல் மடித்துத் தொங்கவிடச் சுவரில் கொக்கியும் வைத்தோம்.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு, மன்றத்துக்குப் பெண் பிள்ளைகள் கூடுதலாக வருகிறார்கள். மாலை ஆறு மணிக்குப் போனால் ஈட்டிப் போர்டு மூன்றும் கருவேலப் போர்டு எட்டும் நிரம்பியிருக்கும். எது எது என்று பார்த்து யாரும் உட்காருவதில்லை.

ஒரு போர்டு மட்டும் விதிவிலக்கு. முதல் தொகுதி நான்கில் மூன்றுதான் திறந்துகொண்டது என்று சொன்னேன் அல்லவா. நான்காவதின் மூலையில் ஒரு தாள்கூட நுழையவில்லை. அதே மாடியில், அதே மூன்று மாதம் கிடந்த மரம். ஏன் என்று புரியாமல் அதன் உபரி வில்லையை ஆசாரியிடம் கொடுத்தேன். மோந்து பார்த்தார், ஈரக் கையால் தேய்த்தார், தலைப்பக்கத்தைச் சீவி வெயிலில் பார்த்தார். வெள்ளை நூல் அளவுதான், வைரத்தில் இலேசான ஊதா. எட்டுக் கட்டையில் ஒன்று கருவேலம் இல்லை, சீமைக்கருவேலம். வயலையும் ஏரியையும் பிடித்துக்கொண்டதென்று ஊரெல்லாம் வேரோடு பிடுங்கும் அதே மரம். கனத்தில் கருவேலத்துக்குச் சமம், காயும்போது சுருங்குவதோ மிகவும் சொற்பம். நீளமாக, நேராகக் கிடைக்காது என்பதுதான் குறை. எங்களுக்கு மூன்றேகால் அடிதான் வேண்டும். அடுத்த மன்றத்துக்கு நான்கு போர்டு கேட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை தொட்டியில் அதைத்தான் தேடிப் பொறுக்கி, அறுத்த அன்றே மருந்தில் முக்கி, மாடியில் அடுக்கி வைத்திருக்கிறோம். சுவரில் மூன்று ஞாயிறுகளின் எடை எழுதியாகிவிட்டது.